சித்திரையில் இரண்டு நாள் கடையடைப்போம்

தலைப்பைப் பார்த்ததும், இது எந்தப் போராட்டத்துக்கு என்று வணிகப் பெருமக்கள் கேட்கக்கூடும். போராட்டம் எதுவும் இல்லை. குடும்பத்தோடு இரண்டு நாள் வெளியூர் போய்வரக் கடையை அடைப்போம் என்பதற்காகத்தான் எழுதுகிறோம்.

மே 5 வணிகர் தினத்துக்கு அடைக்கிறோம். வரி கூடினால் அடைக்கிறோம். ஊர்ப் பொங்கலுக்கும் அடைக்கிறோம். மறுநாள் வாடிக்கையாளர் வராமலா போய்விட்டார்? வீட்டில் உள்ளவர்கள் எங்காவது போய்வருவோமா என்று கேட்டால் மட்டும், "கடையை யார் பார்ப்பது?" என்று பதில் தயாராக இருக்கிறது.

எப்போது போகலாம் என்பதுதான் நமக்குச் சிக்கல். மாசி, பங்குனியில் புதுப் புளியும் புது வத்தலும் வரத்து. பணத்தைத் திரட்டிச் சரக்கை இருப்பு வைக்கும் காலம் அது. மார்ச் கடைசியில் கணக்கு முடிக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தேர்வும் அப்போதுதான். இதெல்லாம் தீர்ந்து சித்திரை பிறந்தபின், ஏப்ரல் 20 தேதிக்கு மேல் ஒரு செவ்வாய், புதன் நமக்கு வசதி. மாதக் கடைசியில் கல்லா நிறைவதைவிடக் கடன் நோட்டு நிறைவதுதான் அதிகம் என்று பலசரக்குக் கடைக்காரருக்கு நாம் சொல்லவா வேண்டும்?

எல்லோரும் கொடைக்கானல் என்பார்கள். அங்கே கோடையில் கூட்டம் தாங்காமல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் இ-பாஸ் முறையே வந்துவிட்டது. நம் யோசனை போடி, குமுளிப் பக்கம். அகலப்பாதை வேலைக்காகப் பல ஆண்டுகள் நின்றிருந்த மதுரை - போடி ரயில் 2023 ஜூன் முதல் மறுபடி ஓடுகிறது. போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. மலை ஏறினால் ஏலத் தோட்டம், மிளகுக் கொடி. தேக்கடியில் படகு. ஒரு நாள்தான் முடியும் என்பவர்கள் 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். அதுவும் வெயிலுக்கு முன் காலையிலேயே.

நம் கதையையும் சொல்லிவிடுகிறோம். 1991-ல் துணைவியார் தேக்கடி பார்க்க வேண்டும் என்றார். அந்த வருஷம் புளி விலை இறங்கியிருந்தது, வாங்கிப் போட வேண்டும் என்றோம். அடுத்த வருஷம் வத்தல். பிறகு கிடங்கு கட்டினோம், மகள் கல்யாணம், பாக்கி வசூல். கடைசியில் போனது சென்ற ஆண்டு சித்திரையில். தோட்டத்துச் சரிவில் இறங்க அவருக்கு மூட்டு வலி இடம் கொடுக்கவில்லை. காரிலேயே உட்கார்ந்துவிட்டார். நாம் மட்டும் இறங்கினோம். நாற்பது ஆண்டுகள் ஏலக்காய் விற்றிருக்கிறோம், அது செடியின் உச்சியில் காய்க்கும் என்றே நினைத்திருந்தோம். பார்த்தால் அடித்தூரிலிருந்து கிளம்பி, தரையை ஒட்டிப் படர்ந்த சரத்தில் பூவும் பிஞ்சும்! வேலை செய்துகொண்டிருந்த அம்மாள் ஒரு சரத்தைக் கிள்ளிக் கொடுத்தார். மேலே கொண்டுபோய்த் துணைவியாரிடம் காட்டினோம். கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதைப் பார்க்கத்தானா இத்தனை வருஷம் ஆச்சு?" என்றார். நமக்குப் பதில் வரவில்லை.

இளம் வியாபாரிகள் சொல்வது நமக்குத் தெரியும். இப்போது செல்போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் பருப்பு வீட்டுக்கு வருகிறது, இரண்டு நாள் அடைத்தால் போனவர் திரும்புவாரா என்கிறார்கள். பயம் நியாயமானதுதான். ஒரு சிலர் போகவும் கூடும். ஆனால் அந்தக் கம்பெனிகளோடு நேரத்தில் போட்டி போட்டு நாம் ஜெயிக்கப் போவதில்லை. அவர்கள் ஆளை மாற்றி மாற்றி நிறுத்துவார்கள். நம் கடையில் மாற்ற வேறு ஆள் ஏது? ஒரு வாரம் முன்பே பலகையில் எழுதி வையுங்கள், கணக்குக்காரர்களிடம் நேரில் சொல்லுங்கள். வேண்டியதை முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள். கடைப் பையன்களுக்கு அந்த இரண்டு நாளுக்கும் சம்பளம் பிடிக்க வேண்டாம், அவர்களும் ஊருக்குப் போய் வரட்டும்.

வரும் ஏப்ரல் 21, 22 தேதிகளில் நம் கிடங்குக்கு விடுமுறை. புளி, வத்தல், மல்லி தேவைப்படும் கடைக்காரர்கள் 20-ஆம் தேதி மாலைக்குள் சரக்கு எடுத்துக்கொள்ளவும். இந்த முறை துணைவியாருக்குச் சரிவு இல்லாத தோட்டமாக விசாரித்து வைத்திருக்கிறோம்.