கால் வைத்தால் கதகதப்பு... டைல்ஸ் ஒட்டும் முன் இதைக் கவனியுங்கள்!

டிசம்பர் மாதம். பேரக்குழந்தையைப் பார்க்க லண்டனுக்குப் போயிருக்கிறார் அம்மா. ஊரில் விடிகாலை நாலரைக்கு எழுந்து பழகியவர், அங்கேயும் நாலரைக்கே எழுந்துவிடுகிறார். ஸ்வெட்டர், குல்லா, கம்பளி சாக்ஸ் எல்லாம் மகன் வாங்கி வைத்திருக்கிறான். ஆனால், சாக்ஸ் போட்ட காலோடு பாத்ரூமுக்குள் போக அவருக்கு மனசு வராது. கழற்றிவிட்டு டைல்ஸில் கால் வைத்தால், உச்சந்தலை வரை 'ஜில்'லென்று ஏறுகிறது. நம் ஊர் வெயிலுக்கு இதமாக இருக்கும் அதே டைல்ஸ்தான், அந்த ஊர் குளிரில் காலைக் கடிக்கிறது.

'பாத்ரூமுக்கு ஃப்ளோர் ஹீட்டிங் போட்டுடலாம்மா' என்கிறான் மகன். இங்கிலாந்தில் பாத்ரூமைப் புதுப்பிக்கும் பல குடும்பங்களில் இந்தப் பேச்சு வரும். தரையைச் சூடாக்குவது ஒன்றும் புதுசில்லை. பழைய ரோமானியர்களின் குளியல் கூடங்களில் தரைக்கு அடியில் சூடான காற்றை ஓடவிட்டார்கள். கொரியாவில் அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில் செலுத்தி வீட்டைச் சூடாக்கும் 'ஒண்டொல்' முறை பல நூற்றாண்டுகளாக உண்டு. இப்போது அந்த வேலையை ஒரு மெல்லிய மின்சாரக் கம்பி செய்கிறது.

வேலை சின்னதுதான். ஆனால், ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. டைல்ஸ் ஒட்டும் வரைதான் தவறைத் திருத்த முடியும். ஒட்டிய பிறகு கம்பியில் கோளாறு என்றால், டைல்ஸைப் பெயர்க்க வேண்டும். அதனால், யோசிப்பதை எல்லாம் முன்கூட்டியே யோசித்துவிட வேண்டும்.

முதல் வேலை... டேப்பும் பேப்பரும்!

கடைகளில் கிடைப்பது வலைப்பாய். கண்ணாடி இழை வலையில் ஹீட்டிங் வயரை வளைத்து வளைத்துப் பதித்து, பாய் மாதிரி சுருட்டி விற்பார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 150 வாட், 200 வாட் என்று இரண்டு திறன்களில் பரவலாகக் கிடைக்கிறது. மூலை முடுக்கு அதிகமுள்ள அறைக்குத் தனி வயராகவும் வாங்கலாம்.

உதாரணத்துக்கு, இரண்டரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் உள்ள பாத்ரூம். மொத்தம் 5 சதுர மீட்டர். உடனே 5 சதுர மீட்டர் பாய் வாங்கினால் தப்பு. பாத்டப், டாய்லெட், தரையோடு பொருத்திய அலமாரி இவற்றுக்கு அடியில் வயர் போகக் கூடாது. அங்கே சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கி, வயர் கெட்டுப்போகும். பாத்டப்புக்கு 1.2, டாய்லெட்டுக்கும் வாஷ்பேசின் அலமாரிக்கும் 0.5, சுவர் ஓரம் விடும் இடைவெளிக்கு 0.3 என்று கழித்தால், மிஞ்சுவது 3 சதுர மீட்டர். அதுதான் வாங்க வேண்டிய அளவு.

அளவு இரண்டுக்கும் நடுவில் வந்தால், சின்னதையே வாங்குங்கள். பாய் நீளமாகிவிட்டது என்று ஹீட்டிங் வயரை வெட்டவே கூடாது. வெட்டினால் அதன் மின்தடை மாறி, அளவுக்கு மீறிச் சூடாகும். திருப்புவதற்காக வலையை மட்டும் வெட்டலாம்.

மாதம் எவ்வளவு ஆகும்?

வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான். 3 சதுர மீட்டர், 150 வாட் பாய் என்றால் மொத்தம் 450 வாட். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 1.35 யூனிட். 30 நாளைக்குச் சுமார் 40 யூனிட். ஒரு யூனிட் 25 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால், மாதம் 10 பவுண்ட். தெர்மோஸ்டாட் அவ்வப்போது மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திக் கொடுப்பதால், உண்மையில் இதைவிடக் குறைவாகவே வரும்.

'இவ்வளவுதானா? அப்படியென்றால் வீடு முழுக்கப் போட்டுவிடலாமே' என்று ஆசை வரும். அங்கேதான் கணக்கு மாறுகிறது. 60 சதுர மீட்டருக்குப் போட்டால் 9,000 வாட். ஆறு மணி நேரம் முழுவீச்சில் ஓடினால் 54 யூனிட். ஒரே நாளில் 13 பவுண்டுக்கு மேல். பாதி நேரம்தான் ஓடுகிறது என்று வைத்தாலும் மாதம் 200 பவுண்ட். இங்கிலாந்தில் மின்சார யூனிட்டின் விலை, எரிவாயு யூனிட்டைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதனால்தான் அங்கே மின்சாரத் தரைச்சூடு பாத்ரூம், சின்ன சமையலறை என்று ஓரிரு அறைகளோடு நிற்கிறது. வீடு முழுக்க வேண்டும் என்பவர்கள், தரைக்கு அடியில் சுடுநீர்க் குழாய் பதிக்கும் முறைக்குப் போகிறார்கள்.

இன்னொன்று... 450 வாட் பாதத்துக்கு இதம் தரும். வெளிச்சுவர் உள்ள பழைய வீட்டுப் பாத்ரூமின் குளிர் முழுவதையும் அது விரட்டிவிடாது. இருக்கும் ரேடியேட்டரைக் கழற்றிவிட அவசரப்பட வேண்டாம்.

போர்டு இல்லாமல் பாய் விரிக்காதீர்கள்!

கான்கிரீட் தரையில் நேராகப் பாயை விரித்தால், சூட்டில் பெரும்பங்கு கீழே இறங்கி கான்கிரீட்டைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். மேலே டைல்ஸ் சூடாக நெடுநேரம் ஆகும். பில் மட்டும் ஏறும். அதனால் முதலில் இன்சுலேஷன் போர்டு ஒட்ட வேண்டும். 6 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் தடிமன்களில் கிடைக்கிறது. செலவைக் குறைக்க வேண்டுமானால் வேறு எதிலாவது குறைக்கலாம், இதில் வேண்டாம்.

போர்டு, பாய், அதை மூடும் சமன்படுத்தும் கலவை, பசை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து தரை மூன்று சென்டிமீட்டர் வரை உயரக்கூடும். கதவின் அடிப்பக்கத்தைச் செதுக்க வேண்டுமா, வாசலில் கால் தடுக்குமா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது முக்கியம்.

மூன்று முறை அளந்து எழுதுங்கள்!

வயர் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, ஒன்றையொன்று தொடவும் கூடாது. இரண்டு வயர் வரிசைகளுக்கு நடுவில், ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள் சென்சாரை வைக்க வேண்டும். குழாய் எதற்கு என்றால், நாளைக்கு சென்சார் பழுதானால் டைல்ஸை உடைக்காமல் உருவி எடுத்து வேறு மாற்றலாம். குழாய் இல்லாமல் பதித்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

அடுத்தது, மல்டிமீட்டர் சோதனை. பாயின் மின்தடை எவ்வளவு என்று அதன் லேபிளிலேயே இருக்கும். நம் உதாரணப் பாய், 230 வோல்ட்டில் 450 வாட் என்றால் சுமார் 118 ஓம். பெட்டியைப் பிரித்ததும் ஒரு முறை, தரையில் விரித்து ஒட்டியதும் ஒரு முறை, டைல்ஸ் ஒட்டிய பின் ஒரு முறை அளந்து, வாரன்ட்டி அட்டையில் எழுத வேண்டும். அளவு திடீரென்று மாறினால், எந்தக் கட்டத்தில் அடிபட்டது என்று உடனே தெரிந்துவிடும். பசை பூசும் கரண்டியின் விளிம்பு, தவறி விழுந்த டைல்ஸ், ஷூ கால் மிதி... வயரைக் கெடுக்க இதில் ஒன்று போதும். வயருக்குள் மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் இன்சுலேஷன் சோதனையையும் எலெக்ட்ரீஷியன் செய்துவிட வேண்டும்.

மூடுவதற்கு முன் தரை முழுவதையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்து எடுத்தால் அளவும் தெரியும். நாலு வருஷம் கழித்து கதவுக்கு ஸ்டாப்பர் போட டிரில்லோடு ஒருவர் வரும்போது, அந்த போட்டோதான் காப்பாற்றும்.

யார் கனெக்‌ஷன் கொடுக்கலாம்?

பாயை விரிப்பதை வீட்டுக்காரரோ டைல்ஸ்காரரோ செய்யலாம். கரன்ட் கனெக்‌ஷனை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிட வேண்டும். ஈரமான இடத்தில் தரைக்கு அடியில் மின்சாரம் ஓடுகிறது. கசிவு ஏற்பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி கருவி கட்டாயம். தெர்மோஸ்டாட்டைத் தண்ணீர் தெறிக்கும் எல்லைக்கு வெளியே, பெரும்பாலும் பாத்ரூமுக்கு வெளிச்சுவரில் வைப்பார்கள். இதற்கெனப் புதிதாக சர்க்யூட் இழுத்தால், இங்கிலாந்தின் கட்டட விதிப்படி அதை உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் என்றால் அவரே சான்றிதழுக்கு ஏற்பாடு செய்துவிடுவார். வீட்டை விற்கும்போது அந்தத் தாளைக் கேட்பார்கள், பத்திரமாக வைத்திருங்கள்.

சுவிட்ச் போட அவசரம் வேண்டாம்!

வேலை முடிந்த அன்றே போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். 'சூடு பட்டால் சீக்கிரம் காயுமே' என்று யாராவது யோசனையும் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஈரப் பசை அவசரமாகக் காய்ந்தால் வெடிப்பு விடும், டைல்ஸ் பெயரும். பசை, கலவை இரண்டின் பையிலும் எத்தனை நாள் என்று போட்டிருக்கும். அதுவரை பொறுங்கள். வாங்கும்போதே, சூட்டுக்கு ஈடுகொடுக்கும் வளையும் தன்மையுள்ள பசையாகக் கேட்டு வாங்குவதும் அவசியம்.

வயதானவர்கள் உள்ள வீட்டில் கூடுதலாக ஒரு கவனம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு அதிகமானாலும் தெரியாது. தெர்மோஸ்டாட்டில் தரைச்சூட்டின் உச்ச அளவை 27 டிகிரிக்குள் பூட்டி வையுங்கள். தடிமனான மேட்டை நாள் முழுக்கத் தரையில் போட்டு வைக்காதீர்கள். அடியில் சூடு தேங்கும்.

இதையெல்லாம் முடித்துவிட்டால், கடைசியாக டைமர். அம்மா எழுவது நாலரைக்கு என்றால், நாலு மணிக்கு ஆன் ஆகும்படி வைத்தால் போதும். அடியில் போர்டு போட்ட தரை, அரை மணி நேரத்தில் அவருக்காகத் தயாராகிவிடும். சாக்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அவர் உள்ளே போகலாம்.