பிழைக்க வந்தவன் மேல்தான் முதல் அடி!

“மத்திய அரசின் அதிகாரத்துக்கு எல்லை எது என்பது வக்கீல்கள் பாடு, ஊர்விட்டு வந்து உழைக்கும் நமக்கென்ன?” என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு அமெரிக்க வரலாறு பதில் சொல்கிறது.

மத்திய அரசுக்குத் தராத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்று 1791-இல் பத்தாவது திருத்தத்தில் எழுதி வைத்தார்கள். மை உலர்ந்து ஏழே ஆண்டுகள்! 1798-இல் பெடரலிஸ்ட் கட்சியின் சட்டங்கள் வந்தன. குடியுரிமைக்குக் காத்திருக்கும் காலம் 5 ஆண்டிலிருந்து 14 ஆண்டாயிற்று. ஜனாதிபதி ஆபத்தானவர் என்று கருதினால் போதும். விசாரணையின்றி அந்நியரை வெளியேற்றலாம். அரசை இழித்து எழுதினால் சிறை! அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து, காங்கிரஸ் உறுப்பினராக உயர்ந்த மாத்யூ லயன் நான்கு மாதம் சிறையில் கிடந்தார். வெர்மாண்ட் மக்களோ சிறையிலிருந்தவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்!

இந்த அதிகாரத்தை அரசியல் சட்டம் தரவில்லை என்று கென்டக்கி, வர்ஜீனியா சட்டசபைகள் தீர்மானம் போட்டன. எழுதிக் கொடுத்தவர்கள் ஜெபர்சனும் மாடிசனும். 1800 தேர்தலில் பெடரலிஸ்டுகள் வீழ்ந்தனர்.

மாநில உரிமை பேசியவர்கள் எல்லாம் உத்தமர்களா? இல்லை! அந்த இருவரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். தென் மாநிலங்கள் பின்னாளில் அதே வாதத்தை அடிமை முறைக்குக் கேடயமாக்கின. ஆகவே மத்திக்கும் வேலி வேண்டும். மாநிலத்துக்கும் வேலி வேண்டும்.

பழங்கதை என்று தள்ளாதீர்கள். அந்த 1798 சட்டங்களில் ஒன்றை 2025-இல் வெனிசுவேலா நாட்டவரை விரட்டத் தூசி தட்டி எடுத்தார்கள். வேலியற்ற அதிகாரம் முதலில் தட்டுவது பிழைக்க வந்தவன் கதவைத்தான். இப்போது சொல்லுங்கள், இது வக்கீல்கள் பாடு மட்டுமா?