அவர்கள் வரி, அவர்கள் பள்ளியா?

அமெரிக்காவில் வீடு தேடும் தமிழர்களிடம் பேசிப் பாருங்கள். சமையலறை எப்படி, தோட்டம் எப்படி என்பதற்கெல்லாம் முன்பு ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?’ என்ற கேள்விதான் வரும். நல்ல பள்ளி உள்ள ஊரில் வீட்டு விலை கூடுதல் என்று தெரிந்தேதான் வாங்குகிறார்கள். பெற்ற பிள்ளைக்காகச் செய்வதில் குற்றமில்லை. ஆனால் குடிவந்த பிறகு அதே வீட்டுக் கூடத்தில் இன்னொரு பேச்சு கிளம்பும்: “நாங்க வரி கட்றோம், எங்க ஸ்கூல் நல்லா இருக்கு. பக்கத்து ஊர்க்காரங்களுக்குப் படிப்புல அக்கறை இல்லை. இதுல என்ன அநியாயம்?” படித்தவர்களும் நல்லவர்களும் நம்பிச் சொல்வது இது. இது உண்மையில்லை.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தை மாநில அரசு கொடுக்கிறது. அவர் கொல்லிமலையில் இருந்தாலும் கோயம்புத்தூரில் இருந்தாலும் ஊதிய விகிதம் ஒன்றுதான். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே பள்ளிச் செலவில் கிட்டத்தட்டப் பாதி உள்ளூர்ப் பணம், பெரும்பாலும் வீட்டுக்கும் கடைக்கும் போடும் சொத்து வரி. ஊரில் சொத்து மதிப்பு உயர்ந்தால் பள்ளி உயரும், தாழ்ந்தால் பள்ளியும் தாழும்.

டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே எட்ஜ்வுட் என்ற பள்ளி வட்டாரத்தில், அதாவது ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில், இருந்தவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்த உழைப்பாளிக் குடும்பங்கள். சற்றுத் தள்ளி ஆலமோ ஹைட்ஸ், வசதியானவர்களின் வட்டாரம். 1968 மே 16 அன்று எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பை விட்டு வெளியே வந்து ஊர்வலம் போனார்கள். உடைந்த ஜன்னல்களைச் சரிசெய்யுங்கள், தகுதி பெற்ற ஆசிரியர்களைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் தெருவில் நின்று ஆசிரியர் வேண்டும் என்று கேட்ட ஊரைத்தான் படிப்பில் அக்கறை இல்லாத ஊர் என்கிறோம்.

அந்த ஆண்டுக் கணக்கு நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். சான் அன்டோனியோ வட்டாரங்களிலேயே அதுதான் அதிகம். ஆலமோ ஹைட்ஸ் கட்டியது 85 சென்ட். கூடுதலாகக் கட்டிய எட்ஜ்வுட்டுக்குப் பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்தது 26 டாலர். குறைவாகக் கட்டிய ஆலமோ ஹைட்ஸுக்கு 333 டாலர். மாநிலமாவது இதை ஈடுகட்டியதா? எட்ஜ்வுட்டுக்கு 222, ஆலமோ ஹைட்ஸுக்கு 225. வசதியான ஊருக்கு மூன்று டாலர் அதிகம்! மத்திய அரசு உதவியையும் சேர்த்து முடிவில் 356 டாலர், 594 டாலர்.

சரி, எட்ஜ்வுட் இன்னும் முயன்றிருக்கலாமே என்பார்கள். சான் அன்டோனியோ இருக்கும் கவுன்ட்டியில் மிகுதியாக வசூலித்த வட்டாரத்துக்கு ஈடாக வர, எட்ஜ்வுட் நூறு டாலருக்கு 5.76 டாலர் வரி போட வேண்டியிருந்தது. மாநிலச் சட்டமோ 1.50 டாலருக்கு மேல் போகக் கூடாது என்றது. முயற்சி செய்யவும் சட்டம் விடவில்லை.

‘எங்கள் பணம்’ என்ற வாதத்துக்கு வருவோம். பள்ளி வட்டாரத்தின் எல்லைக்கோட்டைக் கடவுள் போடவில்லை, மாநிலச் சட்டம் போட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பேரங்காடி, அதில் வேலை பார்ப்பவர்களின் குடியிருப்பு அந்தப் பக்கம் என்றால், அவர்கள் உழைப்பில் விளைந்த வரி இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே போகிறது. இதைச் சொந்தச் சம்பாத்தியம் என்று எப்படிச் சொல்வது?

பணத்தால் படிப்பு வராது என்றும் சிலர் சொல்வார்கள். பொருளியலாளர் கிராபோ ஜாக்சனும் வேறு இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு முழுக்கச் செலவை 10 விழுக்காடு கூட்டினால் அந்தப் பிள்ளைகளின் பிற்காலச் சம்பளம் ஏறத்தாழ 7 விழுக்காடு உயர்வதாகக் கண்டார்கள். பலன் அதிகம் தெரிந்தது ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம்தான்.

எட்ஜ்வுட் பெற்றோர்கள் 1968இலேயே வழக்குப் போட்டார்கள். முன்னால் நின்றவர் டெமெட்ரியோ ரோட்ரிகஸ், விமானப்படைத் தளத்தில் தகடு வேலை செய்தவர். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்ல என்றது. பிறகு டெக்சாஸ் மாநில நீதிமன்றங்களில் போராட்டம் தொடர்ந்தது. 1989இல் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக இந்த முறை செல்லாது என்றார்கள். அப்போது மிகப் பணக்கார வட்டாரத்துக்கும் மிக ஏழை வட்டாரத்துக்கும் தலைக்குச் சொத்து மதிப்பில் 700 மடங்கு வித்தியாசம்.

1993இல் பணக்கார வட்டாரங்களின் உபரி வரியைப் பகிரும் சட்டம் வந்தது. உடனே அதற்கு ‘ராபின் ஹூட்’ என்று பெயர் வைத்தார்கள், திருட்டு என்பதுபோல. அந்தச் சட்டத்தில் குறையில்லை என்று சொல்ல மாட்டேன். ஏழைப் பிள்ளைகள் நிறைந்த ஆஸ்டின் வட்டாரமே இன்று கோடிக்கணக்கில் கட்டுகிறது. ஆனால் அதற்கு மருந்து, மாநிலம் தன் பங்கை ஒழுங்காகப் போடுவது. பழைய கோட்டுக்குத் திரும்புவது அல்ல.

1968இல் வழக்குப் போட்டபோது ரோட்ரிகஸின் மகன்கள் பள்ளிச் சிறுவர்கள். மாநில நீதிமன்றத்தில் வெற்றி வருவதற்குள் 21 ஆண்டுகள் போய்விட்டன. அவர்களுடைய பள்ளிக் காலம் எப்போதோ முடிந்திருந்தது.