எண்கை மறந்த சிறுவர் நூல்கள்

கரடிக்கதை எனில் சதே 1837இல் வெளியிட்ட மூன்று கரடிகளும், மில்ன் 1926இல் நூலாக்கிய வின்னியும், அண்மைக்காலப் பாண்டாவுமே என்னும் போக்கு தமிழ்ச் சிறுவர் பதிப்புலகில் வேரூன்றியுள்ளது. விலங்கு எதுவாயினும் குழந்தை மகிழ்ந்தாற் போதும் என்பர். இக்கருத்து ஏற்புடையதன்று.

ஆரணியாற்று நீர்த்தேக்கத்தை உடைய பிச்சாட்டூரில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. அதன் வடமேற்கே, தொல்காப்பியப் பாயிரம் வடவெல்லையாகச் சுட்டும் வேங்கடத்தை உள்ளடக்கிய சேசாசலக் காட்டில் தேன்கரடி இன்றும் வாழ்கிறது. அகநானூறு கரடியை ‘எண்கு’ என்னும். அது புற்றகழ்ந்து குரும்பி உண்பதையும் இலுப்பைப்பூ நாடுவதையும் பாடும். விலங்கியலும் இதனை உறுதி செய்கிறது. மேல்தாடையின் நடு முன்பற்கள் இரண்டும் இல்லாத இடைவெளி வழியே அது கறையானை உறிஞ்சுகிறது. தாய்க்கரடி குட்டிகளை முதுகிற் சுமக்கிறது. சிறுவர் கதைக்கு இதனினும் வளமான பொருள் யாது?

பாண்டாவை விலக்குக என்பதன்று வாதம். சீன மலைகளில் மூங்கில் தின்னும் விலங்கைத் தமிழ்ச் சிறுவர் அறிவது நன்றே. ஆயின் அதனை மட்டுமே அறிந்து வளரும் குழந்தைக்கு, தன் மலையின் விலங்கும் தன் மொழியின் சொல்லும் ஒருங்கே அயலாகின்றன. தெலுங்கு ஆட்சிமொழியாக உள்ள எல்லைப்புறத்தில் வீட்டு நூலே தமிழுக்குப் பெருந்துணை. ஆங்கு இவ்விழப்பு மேலும் பெரிது. எண்கை ஆய்வேட்டில் மட்டும் காக்கும் தமிழ்த்துறைகள், சிறுவர் நூலாக்கத்தையும் தம் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும்.