முதலில் 3 மாதம்... முடிவில் 41 வருஷம்!

அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகர கூலித்தொழிலாளி மேட் டால்பட் இறந்து 2025 ஜூனில் 100 ஆண்டு ஆனது. சிறு வயதிலேயே குடிக்கு அடிமையானவர். 1884-ல் வேலையில்லாமல் மதுக்கடை வாசலில் நின்றார். கூட குடிச்ச நண்பர்களில் ஒருத்தர்கூட வாங்கித் தரவில்லை. பாதிரியாரிடம் போய் சத்தியம் செய்தார். ஆயுள் முழுக்க அல்ல, வெறும் 3 மாதம்! விஷயமே அதில்தான் இருக்கு. 'இனி தொடவே மாட்டேன்'னு சொல்றவங்கதானே மறுநாளே கடையில் நிக்கிறாங்க?

தினமும் வேலைக்கு முன்பு திருப்பலி, வேலை முடிந்ததும் ஆலயத்தில் ஜெபம். குடிக்கும் நேரம் அப்படியே கழிந்தது. சாகும்வரை தொடவில்லை. 1975-ல் 'வணக்கத்துக்குரியவர்' என்று திருச்சபை அறிவித்தது.

ஜெபம் மட்டும் போதுமா? மொடாக்குடியை திடீர்னு நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரைப் பார்த்துடுங்க.