காது கேட்பதற்கு மட்டுந்தானா?

'எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்பது நம் முன்னோர் மொழி. அந்தச் சிரசு நிலையாக நிற்க எது பிரதானம் என்று கேட்டால் நம்மில் பலர் மூளை என்போம். சிலர் கண் என்பர். காது என்று சொல்பவர் மிகச் சிலரே. காது கேட்பதற்கு மட்டுமே என்று சிறு வகுப்பிலிருந்து மனப்பாடம் செய்து வந்திருக்கிறோம். அந்த அரைகுறை அறிவால் விளையும் கேடு சிறிதன்று என்பதே என் கருத்து.

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னக்காயல் என் ஊர். கடலையே வயலாகக் கொண்டு உழைக்கும் மக்களின் ஊர். அங்கே ஒருவர் "தலை சுத்துது" என்று சொன்னால் உடனே மூன்று காரணங்கள் வந்து விழும்: பித்தம், ரத்தக்குறைவு, கண்ணேறு. எலுமிச்சம்பழச் சாறு வரும். சுக்குக் கஷாயம் வரும். மிளகாய் சுற்றிப் போடுவார்கள். காதைப் பார்க்கச் சொல்பவர் அரிது. இது புன்னக்காயலுக்கு மட்டும் உரிய குறையன்று. படித்தவர் நிறைந்த பாளையங்கோட்டையிலும் இதே கதைதான்.

உண்மை என்ன? உட்காதில், கெட்டியான எலும்புக்குள்ளே, மூன்று அரைவட்டக் குழல்கள் மூன்று திசைகளில் அமைந்துள்ளன. அவற்றுள் ஒரு நீர் நிறைந்திருக்கிறது. நாம் தலையைத் திருப்பும்போது அந்நீர் சற்றே பின்தங்கி, அங்குள்ள நுண்மயிர்களை வளைக்கிறது. அச்செய்தி நரம்பு வழியே மூளைக்குச் செல்கிறது. குழல்களை அடுத்த சிறு பையில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் பதிந்துள்ளன. அவை கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. நம் மன்னார் வளைகுடாவின் சங்கும் முத்தும் பெரும்பாலும் எப்பொருளால் ஆனவையோ அதே பொருள்தான்!

இத்துகள்கள் இடம் பெயர்ந்து குழலுக்குள் விழுந்துவிட்டால் வருவதே, கிறுகிறுப்பு நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது. படுக்கையில் புரண்டாலும், அண்ணாந்து பார்த்தாலும் உலகமே சுழலும். பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடும். 50 வயதைக் கடந்தவர்களை இது அதிகம் பிடிக்கிறது. சுழற்சி அற்ப நேரந்தானே என்று எண்ண வேண்டாம். பனையேறி அண்ணாந்து பார்க்கும் அந்த ஒரு கணமும், வலை இழுப்பவர் குனிந்து நிமிரும் அந்த ஒரு கணமும் உயிர் சம்பந்தப்பட்டவை. வீட்டுப் பாட்டி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் இதனால் நேரக்கூடும்.

இதற்கு மருந்தில்லாத, கத்தியில்லாத சிகிச்சை இருக்கிறது. நோயாளியைப் படுக்க வைத்து, தலையைக் குறிப்பிட்ட நிலைகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் சிறிது நேரம் நிறுத்தினால் துகள்கள் உருண்டு பழைய பைக்கே திரும்பிவிடும். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992-ஆம் ஆண்டு இம்முறையை விரிவாக வெளியிட்டார். சில நிமிட வேலை. ஒரு கட்டிலும் பழகிய கையும் போதும். ஆயினும் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவோர் எத்தனை பேர்! மாத்திரை சுழலும் உணர்வைச் சற்று மழுக்கலாம், துகளை நகர்த்தாது.

கடலில் மூழ்குவோர் நிலை இன்னும் கடுமையானது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தல் 1961-உடன் நின்றது. சங்குகுளித்தல் அதன் பின்னும் தொடர்ந்தது. பத்து மீட்டர் இறங்கினாலே உடலின் மேல் அழுத்தம் இரு மடங்காகிறது. சளி பிடித்த காதோடு மூழ்கினால் செவிப்பறை கிழியலாம். குளிர்ந்த நீர் உள்ளே பாய்ந்ததும் தலை சுழன்று, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும். காதில் குளிர்நீர் பட்டால் ஏன் சுழல்கிறது என்பதை ஆராய்ந்தவர் வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரானி. இத்துறை ஆய்வுக்காக 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அச்செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி! ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நோபல் பரிசு பெற்ற இவ்வறிவு, அது யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுடைய கரைக்கு வந்து சேர வேண்டாமா?

தடையாக நிற்பது பணமன்று, சொல் என்பேன். 'மயக்கம்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். நினைவு தப்புவதும் மயக்கம், எழுந்ததும் கண் இருட்டுவதும் மயக்கம், சுவர் சுழல்வதும் மயக்கம், நடை தள்ளாடுவதும் மயக்கம்! கூட்டம் நிறைந்த புறநோயாளர் பிரிவில் மருத்துவர் என்ன செய்வார்? குளுக்கோஸ் ஏற்றி அனுப்புவார். நம் தமிழில் 'கிறுகிறுப்பு' என்ற அருமையான சொல் இருக்கிறது. எப்போது சுழல்கிறது, எவ்வளவு நேரம் சுழல்கிறது, காதில் இரைச்சல் உண்டா, கேள்வி குறைந்ததா என்று நான்கு விவரம் சொன்னாலே பாதி நோய் பிடிபட்டுவிடும். இரைச்சலும் செவி மந்தமும் சேர்ந்து மணிக்கணக்கில் சுழன்றால் அது வேறு நோய். 1861-இல் பாரிஸ் மருத்துவர் மெனியர் அதனைக் காதின் நோய் என எடுத்துக் காட்டினார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது.

"எல்லாத் தலைசுற்றலும் காதாலா?" எனச் சிலர் கேட்கலாம். இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை ஆகியவற்றாலும் தலை சுற்றும். பேச்சுக் குழறினாலோ, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலோ அது மூளையின் அபாய அறிவிப்பு. கஷாயம் காய்ச்சிக்கொண்டிராமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். திடீரெனக் காது கேளாமற் போனாலும் அப்படியே. பிரித்தறியத் தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

மாணவ நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் கண் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்கிறோம், பாராட்டத்தக்கதே. காதுக்கும் அவ்வாறு செய்தால் என்ன? அடுத்த முகாமைக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் வைத்து, பாளையங்கோட்டையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ மருத்துவக் கல்லூரியின் காது மருத்துவர் ஒருவரை அழைப்போம். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கு அத்தலைத் திருப்பு முறையைக் கற்பிக்க வேண்டுவோம். 1586-இல் 'அடியார் வரலாறு' என்னும் தமிழ் நூல் புன்னக்காயலில் அச்சேறியதாக அறிஞர் கருதுவர். அவ்வூர் மக்களுக்குக் கிறுகிறுப்பைப் பற்றி எளிய தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை அச்சிட்டுக் கொடுப்பது கல்லூரியில் படிக்கும் நமக்குப் பெரிய காரியமா? பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், இக்கல்வியாண்டிலேயே செய்துவிடலாம்.