வெண்பான்னா பூச்சாண்டியா?

"வெண்பாவெல்லாம் புலவர்கள் சமாச்சாரம். வெளியூர்ல வளர்ற நம்ம பசங்களுக்கு எதுக்குங்க?" தமிழ்ச் சங்க விழாக்களில் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் குறள் ஒப்பிக்கும் போட்டி மட்டும் தவறாமல் உண்டு. ஐயா, அந்த 1330 குறளும் வெண்பாதான்!

அதே பிள்ளை இந்திப் பாடத்தில் கபீரின் தோஹா படிக்குது. அதுக்கும் கணக்கு இருக்கு: அடிக்கு 13ம் 11மாக 24 மாத்திரை. அதைக் கண்டு யாரும் பயப்படலையே?

"பிள்ளைக்குத் தமிழ் எழுத்தே தெரியாதே" என்பீர்கள். அசை பிரிக்கக் காது போதும். குறிலோ நெடிலோ தனியாக வந்தால் நேர். குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரை. பின்னால் வரும் ஒற்றை எண்ண வேண்டாம்.

தெரிந்த ஊர்களையே எடுங்க. தில்-லி: நேர் நேர், தேமா. அக-மதா-பாத்: நிரை நிரை நேர், கருவிளங்காய். மாவுக்குப் பின் நிரை வரணும். விளத்துக்கும் காய்க்கும் பின் நேர் வரணும். 'தில்லி அகமதாபாத் மும்பை' சொல்லிப் பாருங்க, ஓடும். 'தில்லி கொல்கத்தா'? தளை தட்டும். அவ்வளவுதாங்க பெரிய ரகசியம்!

ஒப்பிச்சது பரிசு வாங்கினதும் மறந்துடும். முதலடி நாலு சீர், அடுத்தடி மூணு சீர்னு தானே ஒரு குறள் வெண்பா கட்டின பிள்ளைக்குத் தமிழ் சொந்தமாயிடும். அடுத்த விழாவில் ஒப்பிக்கும் போட்டியை நிறுத்திட்டு, ஈற்றடி கொடுத்து எழுதச் சொல்லுங்க. பெரியவங்களும்தான்!